இல்லக்கல்வியைத் தொடங்கும் பெற்றோரும் தமிழ்மொழிக் கற்பித்தலும்: சிங்கப்பூர்ச் சூழல்

முன்னுரை

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் பெற்றோரே பொறுப்பேற்று வீட்டில் கற்பிக்கும் முறை இல்லக்கல்வி எனப்படும். அமெரிக்காவில் ஜான் ஹோல்ட் என்னும் கல்வியாளர் 1977ஆம் ஆண்டில் இதற்கெனவே ஓர் இதழைத் தொடங்கினார். அதன்பின் இம்முறை பல நாடுகளிலும் கவனம் பெற்றது. சிங்கப்பூரில் இம்முறையைத் தேர்ந்தெடுப்போர் தொகை சிறிது. அவர்களுள் தமிழ்க் குடும்பங்கள் மேலும் சிலவே. ஆயினும், இம்முடிவை எடுக்க எண்ணும் பெற்றோர் முதலில் அணுகுவது பெரும்பாலும் தாம் அறிந்த ஒரு தமிழாசிரியரையே. "மற்றப் பாடங்களை நாங்களே பார்த்துக்கொள்வோம், தமிழை என்ன செய்வது?" என்பதே அவர்களுடைய வினாவாக அமைகிறது.

இவ்வினா எளிதாகத் தோன்றினாலும் ஆழமானது. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கு, வீட்டில் தமிழ் இல்லாவிடினும் வகுப்பறையில் நாள்தோறும் சிறிதளவேனும் தமிழ் கிடைக்கும். இல்லக்கல்வி பெறும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பும் இல்லை. வீடு தமிழைத் தரத் தவறினால் அப்பிள்ளைக்குத் தமிழைத் தர வேறு இடமே இராது. அதே வேளையில், வீடு முனைந்து தருமாயின், எந்த வகுப்பறையாலும் தர இயலாத அளவுக்குத் தமிழை வாழ்மொழியாகத் தரவும் இயலும். எனவே, இல்லக்கல்வித் திட்டத்தில் தமிழைக் கடைசிப் பாடமாக அன்றி முதற்பாடமாகக் கொண்டு திட்டமிடுதல் வேண்டும் என்பதை இக்கட்டுரை வலியுறுத்துகிறது. அதற்கான வழிமுறைகளையும் விளக்க முற்படுகிறது.

1. சட்டப் பின்னணி

சிங்கப்பூரின் கட்டாயக் கல்விச் சட்டம் 2000ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 2003ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூரில் வாழும் குடியுரிமை பெற்ற பிள்ளைகள், ஆறு வயதைக் கடந்து பதினைந்து வயதை எட்டாத பருவத்தில், தேசியத் தொடக்கப்பள்ளியில் பயிலவேண்டும் என இச்சட்டம் கூறுகிறது. இல்லக்கல்வியை விரும்பும் பெற்றோர் கல்வி அமைச்சிடம் விண்ணப்பித்து விலக்குப் பெறவேண்டும். பெற்றோரின் கல்வித்தகுதி, கற்பிக்கவிருக்கும் பாடத்திட்டம், கால அட்டவணை முதலியவற்றை அமைச்சு ஆராய்கிறது. விலக்குப் பெற்ற பின்னும் பிள்ளையின் முன்னேற்றம் பற்றி அமைச்சுக்கு ஆண்டுதோறும் அறிக்கை அளித்தல் வேண்டும்.

இல்லக்கல்வி பெறும் பிள்ளையும் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி ஆகிய நான்கு பாடங்களையும் எழுதவேண்டும். வெறும் தேர்ச்சி போதாது. அதே ஆண்டில் நான்கு பாடங்களையும் பொதுநிலையில் எழுதிய மாணவரை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், கீழிருந்து 33 விழுக்காட்டு எல்லையில் நிற்பவர் பெற்ற அடைவையேனும் இப்பிள்ளை எட்டவேண்டும். நான்கு பாடங்களும் சேர்த்தே கணக்கிடப்படுவதால், ஒரு பாடத்தில் ஏற்படும் பெருஞ்சரிவு மற்ற மூன்றின் உழைப்பையும் பாதிக்கும்.

மலேசியாவிலும் 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் 2002இல் திருத்தப்பெற்று, 2003 முதல் தொடக்கக்கல்வி கட்டாயமாக்கப்பட்டது. அங்கும் பிள்ளையை வீட்டில் கற்பிக்க விரும்புவோர் விலக்குப் பெறவேண்டும். எனினும் இரு நாடுகளின் பள்ளியமைப்பும் தேர்வுமுறையும் வேறுபட்டவை ஆதலின், இக்கட்டுரை சிங்கப்பூரை மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

2. நான்கு பாடங்களுள் தமிழின் தனிநிலை

ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகிய மூன்றுக்கும் பயிற்சி நூல்களும் துணைக்கருவிகளும் ஏராளமாகக் கிடைக்கின்றன. பெற்றோர் பெரும்பாலோர் அம்மூன்றையும் ஆங்கிலவழியில் பயின்றவர்கள். தமிழ் அவ்வாறன்று. பெற்றோர் தமிழைப் பேச அறிந்திருப்பினும் எழுதிப் பழகாது பல்லாண்டுகள் கழிந்திருக்கலாம். சில குடும்பங்களில் பேச்சிலும் ஆங்கிலமே மேலோங்கியிருக்கும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதனைத் தெளிவுபடுத்துகிறது. ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள இந்தியருள், வீட்டில் ஆங்கிலத்தையே மிகுதியாகப் பேசுவோர் 2010இல் 41.6 விழுக்காட்டினர், 2020இல் அவர்கள் 59.2 விழுக்காட்டினராயினர். தமிழரல்லாத இந்தியரும் இக்கணக்கில் அடங்குவர் எனினும், மொழிப்பெயர்ச்சியின் திசை ஐயத்திற்கு இடமற்றது. ஒரு மொழி அடுத்த தலைமுறைக்குச் செல்வதில் வீட்டின் பங்கே அடிப்படையானது எனச் சமுதாய மொழியியலாளர் ஜோஷுவா ஃபிஷ்மன் 1991இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். பள்ளி அதற்குத் துணைசெய்யுமேயன்றி அதற்கு ஈடாகாது என்பது அவர் கருத்தின் சாரமாகும். இல்லக்கல்வியில் துணையான பள்ளியும் விலகிவிடுகிறது. வீடு மட்டுமே எஞ்சுகிறது.

3. முடிவெடுக்கும் முன் எண்ணவேண்டியவை

விண்ணப்பத்தை நிறைவுசெய்யும் முன் பெற்றோர் மூன்று வினாக்களுக்கு விடை காணுதல் நலம்.

முதலாவது, வீட்டில் பிள்ளையுடன் நாள்தோறும் தமிழில் பேசவிருப்பவர் யார்? தாயா, தந்தையா, தாத்தா பாட்டியா என்பதைப் பெயர் சுட்டி வரையறுக்கவேண்டும். எல்லாரும் சிறிது சிறிது பேசுவோம் என்னும் ஏற்பாடு பெரும்பாலும் எவரும் பேசாமையில் முடியும்.

இரண்டாவது, தமிழ் எழுத்துப்பணியைத் திருத்தவல்லவர் யார்? பேசுபவரே திருத்துபவராகவும் இருக்கவேண்டும் என்பதில்லை. பெற்றோருக்கு எழுத்துத்தமிழில் போதிய பயிற்சி இல்லையெனில், வாரம் ஒருமுறையேனும் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரின் துணையைத் தொடக்கத்திலேயே தேடிக்கொள்ளவேண்டும். தேர்வுக்கு ஓராண்டே இருக்கும்போது துணை தேடுவது காலங்கடந்த செயலாகும்.

மூன்றாவது, பிள்ளை யாருடன் தமிழில் விளையாடும்? பெரியவர்களோடு மட்டும் பேசப்படும் மொழி பிள்ளையின் உள்ளத்தில் கடமைமொழியாகவே தங்கிவிடும்.

இம்மூன்றுக்கும் விடை கிடைக்காத குடும்பத்திடம், இல்லக்கல்வி முடிவைத் தள்ளிவைக்குமாறு கூறுவதும் ஆசிரியர்களின் கடமையே. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டே வீட்டில் தமிழை வளர்ப்பதும் இழுக்கன்று.

4. பேச்சிலிருந்து தொடங்குதல்

மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள பருவம் கேட்டலுக்கும் பேசுதலுக்கும் உரியது. இப்பருவத்தில் எழுத்துப்பயிற்சியை விரைந்து திணிக்கவேண்டிய தேவை இல்லை. கதை சொல்லுதல், விடுகதை கேட்டல், படம் பார்த்து உரையாடுதல், எண்ணுதல், வீட்டு வேலைகளில் ஈடுபடுத்திப் பேசுதல் ஆகியவையே பாடங்கள்.

'தமிழ் நேரம்' என்று கடிகாரத்தைப் பார்த்து ஒதுக்குவதைக் காட்டிலும், சில செயல்களைத் தமிழுக்கென ஒதுக்குவது பயன்மிக்கது. சமையலறையில் தமிழ், உணவு உண்ணும்போது தமிழ், உறங்குமுன் கதை தமிழில் என்றவாறு வரையறுத்தால், செயலே மொழியை நினைவூட்டும். தேக்கா சந்தைக்குப் பிள்ளையை அழைத்துச் சென்றால் முருங்கைக்காய், புடலங்காய், கறிவேப்பிலை எனப் பாடநூலில் ஓரிரு பக்கங்களில் அடங்கும் சொற்களைப் பிள்ளை தொட்டும் முகர்ந்தும் அறியும். விலை கேட்கவும் கற்கும்.

பிள்ளை ஆங்கிலத்தில் விடையளித்தால் கண்டிக்கலாகாது. பெற்றோர் அவ்விடையையே தமிழில் திருப்பிச் சொல்லி உரையாடலைத் தொடரவேண்டும். இவ்வாறு செய்யின் பிள்ளை மொழியைக் கேட்கும் வாய்ப்பும் குறையாது. பேச்சின் மகிழ்ச்சியும் கெடாது.

5. எழுத்தறிமுகம்

தமிழ் எழுத்துகள் 247 எனக் கேட்டதும் பெற்றோர் மலைப்பதுண்டு. உண்மையில் பிள்ளை கற்கவேண்டுவன உயிரெழுத்து 12, மெய்யெழுத்து 18, ஆய்தம் ஒன்று, இவற்றோடு உயிர்மெய்க் குறியீடுகள் ஆகியனவே. உயிர்மெய் 216உம் இவற்றின் சேர்க்கையால் அமைபவை.

நெடுங்கணக்கு வரிசையில் தொடங்கினால் அகரம், ஆகாரம், இகரம் என வளைவு மிகுந்த எழுத்துகளே முதலில் வரும். அவை இளங்கைகளுக்கு அரியவை. மாறாக, நேர்கோடுகளால் அமைந்த ட, ப, ம ஆகியவற்றில் தொடங்கலாம். இம்மூன்றையும் புள்ளியையும் அறிந்த பிள்ளை படம், மடம், பட்டம், மட்டம் என்னும் சொற்களை முதல் வாரத்திலேயே வாசித்துவிடும். வாசிக்க முடிகிறது என்னும் நம்பிக்கையே அடுத்த எழுத்துக்கான ஊக்கமாகும்.

குறியீடுகளுள் எளியது துணைக்கால். அதனை அடுத்து இகர, ஈகாரக் குறிகளைக் கற்பிக்கலாம். எகர, ஏகார, ஐகாரக் குறிகள் எழுத்தில் மெய்க்கு முன்னும் ஒலியில் மெய்க்குப் பின்னும் அமைவதால், ஆங்கில வாசிப்பில் பழகிய பிள்ளை தடுமாறும். இங்குச் சற்று நிதானம் தேவை. கு, சு, து, பு, ரு என எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும் உகர, ஊகார வரிசைகளைக் கடைசியாக வைத்துக்கொள்வது நன்று.

ஒலிப்பிலும் ஒரு செய்தி உண்டு. கல், பகல், தங்கம் ஆகிய மூன்று சொற்களிலும் ககரம் வெவ்வேறாக ஒலிக்கிறது. சொல்லின் முதலில் வன்மையாகவும், இரண்டு உயிர்களுக்கு இடையே மென்மையாகவும், மெல்லினத்தை அடுத்து அதிர்வுடனும் ஒலிக்கும். 'ஓர் எழுத்துக்கு ஏன் பல ஒலி?' எனப் பிள்ளை வினவினால், இடத்தைப் பொறுத்து ஒலி தானே மாறும் என்பதைச் சொற்களைக் கொண்டு காட்டவேண்டும். அவ்வாறே வலி, வளி, வழி, பனி, பணி, மரம், மறம் போன்ற சொற்களைக் காதால் வேறுபடுத்தும் பயிற்சியை எழுதும் பயிற்சிக்கு முன்னரே தருதல் வேண்டும். காது வேறுபடுத்தாததைக் கை வேறுபடுத்தாது.

6. பேச்சுத்தமிழிலிருந்து எழுத்துத்தமிழுக்கு

வீட்டில் நன்றாகத் தமிழ் பேசும் குடும்பங்களும் இடர்ப்படும் இடம் இதுவே. தமிழ் இரட்டை வழக்குடைய மொழி. வீட்டில் 'அவங்க வந்தாங்க' என்று பேசும் பிள்ளை, ஏட்டில் 'அவர்கள் வந்தார்கள்' என்று எழுதவேண்டும். 2005ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தமிழ்ப் பாடத்திட்டத்தையும் கற்பித்தல் முறையையும் ஆராய்ந்த மறுஆய்வுக் குழு, பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் தரவேண்டும் எனப் பரிந்துரைத்தது. அதனால் இன்று பேச்சுத்தமிழைக் கொச்சையெனத் தள்ளும் போக்கு மாறியுள்ளது. இல்லக்கல்விப் பெற்றோரும் இந்நோக்கையே பின்பற்றவேண்டும். பேச்சுவழக்கைப் பிழையெனத் திருத்தினால் பிள்ளை பேசுவதையே நிறுத்திவிடும்.

இரு வழக்குகளுக்கும் இடையிலுள்ள உறவு பெரும்பாலும் ஒழுங்கானது. படித்தான் என்பது படிச்சான் எனவும், அடித்தான் என்பது அடிச்சான் எனவும், வைத்தான் என்பது வச்சான் எனவும் ஒலிக்கும். இலை, இடம் ஆகியன எலை, எடம் எனவும், உடம்பு, உலகம் ஆகியன ஒடம்பு, ஒலகம் எனவும் வரும். வேற்றுமை உருபுகளில் 'வீட்டுல' என்பது 'வீட்டில்' எனவும், 'அம்மாவோட' என்பது 'அம்மாவுடைய' எனவும், 'அண்ணன்கிட்ட' என்பது 'அண்ணனிடம்' எனவும் எழுத்தில் அமையும். இத்தகைய இணைகளைப் பிள்ளையே கண்டுபிடித்து ஒரு சுவடியில் தொகுக்கச் செய்யலாம். ஒன்பது, பத்து வயதில் பிள்ளைகள் இத்தகைய ஒழுங்குகளைத் தேடுவதில் பெருவிருப்பம் காட்டுவர். பிள்ளை பேச்சுவழக்கில் சொன்ன ஒரு நிகழ்ச்சியைப் பெற்றோர் அவ்வாறே எழுதிக்கொள்ள, பின்னர் இருவரும் சேர்ந்து அதனை எழுத்துத்தமிழுக்கு மாற்றுவது சிறந்த பயிற்சியாகும். அதில் கருத்து பிள்ளைக்குச் சொந்தம். வடிவம் மட்டுமே புதிது.

ஆங்கிலம் மேலோங்கிய வீடுகளில் வேறொரு சிக்கல் எழும். 'பேருந்தை எடுத்தேன்', 'குளியல் எடுத்தேன்' என ஆங்கிலத் தொடரைத் தமிழ்ச் சொற்களால் நிரப்பும் வழக்கம் அது. இதற்கு இலக்கண விளக்கத்தைவிட வாசிப்பே மருந்து. 'பேருந்தில் ஏறினான்', 'குளித்தான்' என்னும் தொடர்களைக் கதைகளில் மீண்டும் மீண்டும் காணும் பிள்ளைக்குச் செம்மையான தொடரே இயல்பாகிவிடும்.

தேர்வும் இவ்விரு வழக்குகளையும் எதிர்பார்க்கிறது. தமிழ்மொழித் தேர்வின் 200 மதிப்பெண்களுள் வாய்மொழிக்கும் கேட்டலுக்கும் சேர்த்து 70 ஒதுக்கப்பட்டுள்ளது. 2017ஆம் ஆண்டு முதல் உரையாடல் பகுதி காணொளியை அடிப்படையாகக் கொண்டு நடைபெறுகிறது. கண்ட காட்சியைப் பற்றித் தன் கருத்தையும் அனுபவத்தையும் தயக்கமின்றி எடுத்துரைக்கும் திறன் பயிற்சித்தாள்களால் வருவதன்று. உணவு மேசையில் நாள்தோறும் பேசிப் பேசி வருவது. இவ்வகையில் தமிழ் பேசும் வீடு பள்ளியைவிட வாய்ப்பு மிக்கது.

7. தமிழைக் கருவிமொழியாக்குதல்

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகின்றன. தமிழ் ஒரு பாடமாக மட்டுமே உள்ளது. இல்லக்கல்வியில் இவ்வரையறை கிடையாது. தேர்வு ஆங்கிலத்தில் அமைவதால் அறிவியலை ஆங்கிலத்தில் கற்பிப்பது இன்றியமையாதது. எனினும், வாரம் ஒருநாள் ஒரு சோதனையைத் தமிழில் செய்து பார்ப்பதற்குத் தடையேதும் இல்லை. ஈரத்துணி உலர்வதைக் காட்டி ஆவியாதல் என்றும், குளிர்ந்த குவளையின் புறத்தே நீர்த்துளி படிவதைக் காட்டி ஆவி சுருங்குதல் என்றும் விளக்கலாம். பச்சைப்பயறு முளைப்பதை ஒரு வாரம் உற்றுநோக்கி நாட்குறிப்பு எழுதச் செய்யலாம். தமிழில் சிந்திக்கவும் காரணம் காணவும் இயலும் எனப் பிள்ளை உணர்வது இங்கேதான். பாட்டிகதைக்கும் பண்டிகைக்கும் மட்டுமே உரிய மொழி எனத் தமிழைக் கருதும் மனப்பான்மை இதனால் மாறும்.

8. வீட்டுக்கு வெளியே தமிழ்

இல்லக்கல்வி என்பது வீட்டுக்குள் அடைபட்ட கல்வியன்று. தேசிய நூலக வாரியத்தின் வட்டார நூலகங்களில் தமிழ்ச் சிறுவர் நூல்கள் கிடைக்கின்றன. பிள்ளையே நூலைத் தேர்ந்தெடுக்க விடுதல் வேண்டும். பெற்றோருக்கு எளிதாகத் தோன்றும் நூலும் பிள்ளைக்கு மகிழ்ச்சி தருமாயின் உரிய நூலே. 1935ஆம் ஆண்டில் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு நாளிதழிலிருந்து நாளொரு தலைப்புச்செய்தியை உரக்க வாசிக்கச் செய்யலாம். ஒலி 96.8 வானொலியில் செய்தியறிக்கை எழுத்துத்தமிழிலும் நேயர்களுடனான உரையாடல் பேச்சுத்தமிழிலும் அமைவதைக் கேட்கச் செய்தால், எவ்விடத்தில் எவ்வழக்கு என்பதைப் பிள்ளை விளக்கமின்றியே உணரும். ஏப்ரல் மாதத்தில் வளர்தமிழ் இயக்கத்தின் ஆதரவில் நடைபெறும் தமிழ்மொழி விழா நிகழ்ச்சிகள், தன்னையொத்த பிள்ளைகளும் தமிழ் பேசுகின்றனர் என்பதைக் கண்ணால் காணும் வாய்ப்பைத் தருகின்றன.

இவற்றினும் முதன்மையானது ஒத்த வயதினரின் தோழமை. மூன்று நான்கு குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து வாரம் ஒருநாள் பிள்ளைகளைத் தமிழில் விளையாடவும் சிறு நாடகம் நடிக்கவும் விடலாம். அக்குடும்பங்கள் அனைத்தும் இல்லக்கல்விக் குடும்பங்களாக இருத்தல் வேண்டும் என்பதில்லை. பள்ளியில் பயிலும் உறவினர் பிள்ளைகளும் அண்டைவீட்டுப் பிள்ளைகளும் இதில் சேரலாம்.

9. பதிவும் மதிப்பீடும்

வகுப்பறையில் ஒப்பிட்டுப் பார்க்கப் பிற மாணவர் இருப்பர். வீட்டில் பிள்ளையை அதன் முந்தைய நிலையோடு மட்டுமே ஒப்பிட இயலும். எனவே பதிவுகள் தேவை. மூன்று மாதத்திற்கு ஒருமுறை பிள்ளை ஒரு பத்தியை வாசிப்பதையும் ஒரு படத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுவதையும் ஒலிப்பதிவு செய்து வைக்கலாம். வாசித்த நூல்களின் பட்டியல், நாளிட்ட எழுத்துப்பணிகள் ஆகியவற்றையும் ஒரு கோப்பில் சேர்க்கவேண்டும். அமைச்சுக்கு அளிக்கும் ஆண்டறிக்கைக்கும் இக்கோப்பு பயன்படும்.

திருத்தத்திலும் அளவு வேண்டும். தாயே ஆசிரியராகவும் இருக்கும் வீட்டில், எப்பேச்சும் பாடமாகிவிடும் இடர் உண்டு. உரையாடும் வேளையில் கருத்துக்கு மட்டும் மறுமொழி கூறி, திருத்தத்தைப் பாடவேளைக்கு ஒதுக்குவதே முறை. ஓர் எழுத்துப்பணியில் பத்துப் பிழைகள் இருப்பினும், அவற்றுள் ஒருவகைப் பிழையை மட்டும் அன்று எடுத்துக்கொள்ளலாம்.

தொடக்கநிலை நான்காம் வகுப்புக்குரிய வயதில் பயிற்சி பெற்ற தமிழாசிரியர் ஒருவரைக்கொண்டு பிள்ளையின் நால்வகைத் திறனையும் மதிப்பிடச் செய்வது இன்றியமையாதது. அப்போது குறை தெரியின் ஈடுசெய்ய இரண்டு ஆண்டுகள் எஞ்சியிருக்கும். ஆறாம் வகுப்பில் தெரியவரும் குறைக்குப் பயிற்சித்தாள்களே தீர்வாக எஞ்சும். அவை பிள்ளைக்குத் தமிழ்மீது வெறுப்பையே வளர்க்கும்.

முடிவுரை

இல்லக்கல்வி பெறும் பிள்ளைக்குத் தமிழ், வீட்டின் அன்றாட ஒழுக்கத்தைப் பொறுத்தே அமைகிறது. பேசுபவர் யார், திருத்துபவர் யார், உடன் விளையாடுபவர் யார் என்பதை முன்கூட்டியே உறுதிசெய்து, பேச்சில் தொடங்கி எழுத்துக்குச் சென்று, தமிழை வாழ்வின் பல துறைகளிலும் புழங்கவிடும் குடும்பம் தேர்வைப் பற்றி அஞ்சவேண்டியதில்லை.

தமிழாசிரியர்க்கும் இதில் பங்குண்டு. பள்ளியைத் தவிர்த்த பெற்றோர் தமிழாசிரியரையும் தவிர்த்தவராகார். ஆலோசனை நாடி வருவோர்க்கு எழுத்துகளைக் கற்பிக்கும் வரிசை, இரு வழக்குகளின் உறவு, வாசிப்பு நூல்களின் தேர்வு ஆகியவற்றில் அரைமணி நேர வழிகாட்டலும் பெரும்பயன் தரும். இவ்வழிகாட்டல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர்க்கும் அப்படியே பொருந்தும். ஆங்கிலம் மேலோங்கிவரும் வீடுகளில் தமிழ் நிலைபெற என்ன செய்யவேண்டும் என்னும் வினா இன்று இரு சாரார்க்கும் பொதுவானதே.